தண்ணீர் மாற்றியதும் மீன் தவிக்கிறதா? ராமநாதபுரம் கரையோர வீட்டுத் தொட்டிகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

தண்ணீர் மாற்றிய தொட்டியில் மீன் தவிக்கத் தொடங்கினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். தொந்தரவு ஊற்றிய பத்து நிமிடத்திலா, அன்று ராத்திரியா, மூன்றாம் நாளா, மாதக்கணக்கில் மெல்ல மெல்லவா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும். அன்றைக்கு உங்கள் வாளியில் இருந்தது எந்தத் தண்ணீர் என்பது மீதிப் பாதி.

கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், பாம்பன், தொண்டி என்று நம் கரையோரத்தில் எந்த ஊரை எடுத்தாலும் ஒரு வீட்டுக்குள் மூன்று நான்கு வகைத் தண்ணீர் புழங்குகிறது. குழாயில் காவிரிக் கூட்டுக் குடிநீர். அது வராத நாட்களில் சம்ப்பில் டேங்கர் தண்ணீர். பாத்திரம் கழுவப் போர் தண்ணீர். குடிக்க இருபது லிட்டர் கேன். சில இடங்களில் மணலைத் தோண்டி இறைக்கும் ஊற்றுத் தண்ணீரும் உண்டு. மீனுக்கு இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு விதத்தில் ஆபத்து. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் உப்பும், சில தெருக்களில் இரும்பும், அழுகிய முட்டை வாடையும் இருக்கும். கேன் தண்ணீரில் மீனுக்குத் தேவையான தாது உப்புகூட இருக்காது. “ஆன்டி குளோரின் நாலு சொட்டு விட்டேன், அப்புறம் ஏன் செத்தது?” என்று கேட்பவர்களில் பலருக்குச் சிக்கல் குளோரினாகவே இருப்பதில்லை. அந்தச் சொட்டுக்கு உப்பையும் தெரியாது, அம்மோனியாவையும் தெரியாது.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

பேனா வடிவ டி.டி.எஸ் மீட்டர் (லிட்டர் தண்ணீரில் எத்தனை மி.கி. உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது), பி.எச் (தண்ணீர் அமிலமா காரமா என்பது) மற்றும் அம்மோனியா பார்க்கும் சொட்டுக் கரைசல்கள், வெப்பமானி, குளோரின் பார்க்கும் ஓ.டி. (ஆர்த்தோடாலிடின்) கரைசல், வாய் அகன்ற 50 லிட்டர் டிரம், ஒரு உபரி ஏர் பம்ப். இத்தனையும் ஒரே நாளில் வாங்க முடியாவிட்டால் டி.டி.எஸ் மீட்டரையும் ஓ.டி. கரைசலையும் முதலில் வாங்குங்கள். உப்புத்தண்ணீர் ஊரில் இந்த இரண்டும் இல்லாமல் மீன் வளர்ப்பது குருட்டுக் கணக்கு.

ஓ.டி. சோதனை எளிது. சோதனைக் குழாயில் கோடு வரை தண்ணீர் பிடித்து, பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவு சொட்டுகளை விட்டு, குழாயை ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடியுங்கள். நிறம் மாறவில்லை என்றால் குளோரின் இல்லை. எலுமிச்சைத் தோல் போல வெளிர் மஞ்சள் படர்ந்தால் இருக்கிறது. ஆரஞ்சுக்குப் போனால் மிக அதிகம். மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்களிடம் இருக்கும் குளோரோஸ்கோப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது. அந்தக் கரைசல் விஷம். சோதித்த தண்ணீரைத் தொட்டியிலோ செடியிலோ ஊற்றாமல் சாக்கடையில் கொட்டிக் கையைக் கழுவுங்கள்.

குளோரினை முறிக்க ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்பேட் படிகம். கடையில் நீல நிறத்தில் விற்கும் ஆன்டி குளோரின் பாட்டில்கள் பலவற்றிலும் வேலை செய்யும் சரக்கு இதுதான். படிகத்தை அப்படியே தூவினால் அளவு தெரியாது. சமையலறை டிஜிட்டல் தராசில் 10 கிராம் நிறுத்து, கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, 100 மி.லி. ஆக்கி, பழுப்பு நிறப் பாட்டிலில் வெயில் படாமல் வையுங்கள். கலங்கினாலோ அடியில் மஞ்சளாகப் படிந்தாலோ கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

கணக்கு இப்படி. 1 மி.கி. குளோரினை முறிக்க சுமார் 7 மி.கி. ஹைப்போ படிகம் வேண்டும். மேலே சொன்ன கரைசலில் 1 மி.லி.க்கு 100 மி.கி. இருக்கிறது. பத்து லிட்டர் தண்ணீருக்கு 1 மி.லி. விட்டால் லிட்டருக்கு 1.4 மி.கி. வரை குளோரின் போய்விடும். 2 மி.லி. விட்டால் 2.8 மி.கி. வரை. சாதாரண நாளில் பத்து லிட்டருக்கு 1 மி.லி. போதும். ஓ.டி. நிறம் அடர்ந்திருந்தால் 2 மி.லி. விட்டு மறுபடி சோதியுங்கள். கொஞ்சம் கூடினால் மீனுக்கு ஒன்றும் ஆகாது. குறைந்தால்தான் ஆபத்து.

தொட்டியின் கொள்ளளவைத் தெரிந்து வைத்திருங்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கணக்குக்கு 56 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 45 லிட்டர்தான். இனி வரும் உதாரணங்கள் எல்லாம் இந்த 45 லிட்டர் தொட்டிக்கே.

ஊற்றிய சில நிமிடங்களில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது, தாறுமாறாக ஓடுகிறது

குளோரின். வேறு யோசனையே வேண்டாம், முதலில் இதற்கே வைத்தியம் பாருங்கள்.

குடிநீரில் குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு அது பாதுகாப்பு, மீனின் செவுளுக்கு அமிலம். 0.1 மி.கி.க்கும் கீழான அளவே செவுளைப் புண்ணாக்கும். செவுள் இதழ்கள் வெந்து சளி சுரக்கும். அப்புறம் தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருந்தாலும் மீனால் எடுக்க முடியாது. கப்பி மீனைக் கிட்டத்தில் பாருங்கள்: செவுள் மூடி வேகமாகத் திறந்து மூடும், துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொள்ளும், அடிக்கடி கல்லில் உரசும்.

செய்ய வேண்டியது, வரிசை மாறாமல்:

1. தொட்டியில் மொத்தம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவுக்கும் கணக்குப் போட்டு ஹைப்போ விடுங்கள். 45 லிட்டருக்கு 9 மி.லி. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரில் கலந்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் ஊற்றினால் சீக்கிரம் பரவும்.
2. ஏர் பம்ப்பை முழு வேகத்தில் வையுங்கள். இரண்டாவது ஏர் ஸ்டோனும் (குமிழி விடும் கல்) போடுங்கள்.
3. ஐந்து நிமிடம் கழித்து ஓ.டி. சோதனை. இன்னும் மஞ்சள் தெரிந்தால் அதே அளவு மறுபடி.
4. அன்றைக்கும் மறுநாளும் தீனி வேண்டாம். விளக்கை அணைத்து வையுங்கள்.

பதற்றத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. “கெட்ட தண்ணீர்” என்று நினைத்து அதைப் பாதி இறைத்துவிட்டு அதே குழாயிலிருந்து மறுபடி பிடித்து ஊற்றுவார்கள். அது புண்ணின் மேல் மறுபடி அமிலம் ஊற்றுவது. மாற்ற வேண்டாம், முறியுங்கள்.

மூச்சு வாங்குவது இரண்டு நாள் நீடிக்கலாம். கப்பி, மோலி, கோல்ட்ஃபிஷ் போன்றவற்றுக்கு லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு கரைத்து விட்டால் பாரம் குறையும். அயோடின் இல்லாத உப்புதான் வேண்டும் என்று அலைய வேண்டாம், இருப்பது போதும். கோரிடோரஸ் போன்ற அடிமீன்களும் செடிகளும் இருந்தால் உப்பைத் தவிர்த்துவிடுங்கள்.

போன வாரம் வரை இதே குழாயிலிருந்து நேராக ஊற்றியும் ஒன்றும் ஆகாதது ஏன் என்ற கேள்வி எழும். குளோரின் அளவு நாளுக்கு நாள் மாறும். மழைக்காலத்தில், வயிற்றுப்போக்கு பயம் இருக்கும் நாட்களில், மேல்நிலைத் தொட்டி கழுவிய மறுநாள், ப்ளீச்சிங் பவுடர் கூடுதலாக விழும். தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் தெருவுக்குக் கடைசித் தெருவைவிட வீரியமாக வரும். வீட்டுச் சம்ப்பில் நீங்களே ப்ளீச்சிங் பவுடர் போட்டால் அந்தக் கணக்கும் தனி. நல்ல பவுடரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குளோரின். 5 கிராம் பவுடரை 1000 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு சுமார் 1.7 மி.கி. ஆகிவிடும். ஆகவே நேற்றுச் சரியாக இருந்தது என்பதை நம்பாமல், ஒவ்வொரு தடவையும் ஓ.டி. பாருங்கள்.

மருந்தே வேண்டாம் என்றால் தண்ணீரை வாய் அகன்ற டிரம்மில் பிடித்து, ஏர் ஸ்டோன் ஓட விட்டு, ஒரு நாள் முழுக்க வையுங்கள். வெயில் பட்டால் இன்னும் சீக்கிரம் போகும். மூடிய சின்டெக்ஸில் ஒரு நாள் இருந்த தண்ணீரும் “ஆறிய தண்ணீர்”தானே என்று எடுப்பதில் அர்த்தமில்லை. காற்றும் வெளிச்சமும் படாவிட்டால் குளோரின் அப்படியே நிற்கும். கழிவு கலந்த தண்ணீரில் ப்ளீச்சிங் போட்டிருந்தால் குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் ஆகிவிடும். அது டிரம்மில் வைத்தாலும் சட்டென்று போகாது. ஒரு நாள் கழித்தும் ஓ.டி. மஞ்சள் காட்டினால் ஹைப்போ விட்டு முறித்து, பிறகு அம்மோனியாவையும் பாருங்கள்.

சில மணி நேரத்தில் மீன் அடியில் படுக்கிறது, நின்ற இடத்தில் உடம்பை ஆட்டுகிறது

மேலே வந்து வாய் பிளக்கவில்லை, ஓ.டி. சோதனையில் நிறமில்லை, ஆனால் மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் கிடக்கிறது. டி.டி.எஸ் மீட்டரை எடுங்கள். தொட்டியில் ஒரு தடவை, மீதமிருக்கும் புதுத் தண்ணீரில் ஒரு தடவை. இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் உப்பு அதிர்ச்சி. நன்னீர் மீனின் உடம்பு, சுற்றியுள்ள தண்ணீரின் உப்புக்கு ஏற்றபடி உள்ளே வரும் நீரைச் சிறுநீரகம் வழியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. சுற்றியுள்ள உப்பு திடீரென மாறினால் அந்த வேலை தடுமாறும். உயர்விலிருந்து தாழ்வுக்குச் சட்டென்று போவது, தாழ்விலிருந்து உயர்வுக்குப் போவதைவிட மோசம்.

இது நம் பகுதியில் நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். மூன்று மாதம் காவிரித் தண்ணீரில் பழகிய தொட்டி. சித்திரை வெயிலில் குழாய் வரத்து குறைகிறது. சம்ப்பில் டேங்கர் தண்ணீர். வீட்டில் யாரும் மீன் தொட்டியை நினைக்கவில்லை. குழாய் அதே குழாய், தண்ணீர் வேறு.

மீட்க, தொட்டியை ஒரேயடியாகப் பழைய நிலைக்குத் திருப்பாதீர்கள், அது இரண்டாவது அதிர்ச்சி. டெட்ரா, ஏஞ்சல், டிஸ்கஸ் போன்றவற்றுக்கு ஒரு நாளில் 100-க்கு மேல் டி.டி.எஸ்ஸை நகர்த்தாமல் இருப்பது நல்லது. கப்பி, மோலி, ப்ளாட்டி இதைவிடத் தாங்கும். பழைய டி.டி.எஸ்ஸுக்குக் கலந்த தண்ணீர், ஏர் டியூபில் ஒரு முடிச்சுப் போட்டு, சொட்டுச் சொட்டாக விழும்படி, மூன்று நான்கு மணி நேரத்தில் ஐந்து லிட்டர் சேர்ந்தால் போதும்.

கேன் தண்ணீரோடு போர் தண்ணீரைக் கலந்து வேண்டிய அளவுக்குக் கொண்டுவரலாம். போர் 1800, கேன் 50, உங்களுக்கு வேண்டியது 400 என்று வையுங்கள். 400-லிருந்து 50 போனால் 350. 1800-லிருந்து 50 போனால் 1750. 350-ஐ 1750-ஆல் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு. இருபது லிட்டருக்கு 4 லிட்டர் போர், 16 லிட்டர் கேன். கலந்தபின் மீட்டரில் சரிபாருங்கள். உங்கள் தண்ணீரின் எண்களைப் போட்டு இதையே செய்துகொள்ளலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. கடலோரப் போரின் டி.டி.எஸ்ஸில் பெரும்பங்கு சாதாரண உப்பு. பி.எச்சைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் அதே அளவுக்கு இருக்கும் என்று சொல்ல முடியாது. மீட்டர் 400 என்று காட்டினாலும் தண்ணீர் பலமில்லாமல் இருக்கலாம். பி.எச் வாரத்துக்கு வாரம் இறங்கினால் சமையல் சோடா கொஞ்சம் சேருங்கள்: லிட்டருக்கு 30 மி.கி. சேர்த்தால் கார்பனேட் கடினம் ஒரு டிகிரி ஏறும். 45 லிட்டருக்கு 1.3 கிராம். ஒரு நாளில் ஒரு டிகிரி போதும்.

மோலி மட்டும் நின்ற இடத்தில் பாம்பு போல ஆடுகிறது, மற்ற மீன்கள் நலம் என்றால் நேர் எதிரான காரணத்தைப் பாருங்கள். முழுக்கக் கேன் தண்ணீரிலேயே தொட்டி ஓடுகிறதா? மோலிக்குக் கடினத் தண்ணீர் வேண்டும். அதற்கு நம் போர் தண்ணீரே மருந்து.

மறுநாள் அல்லது மூன்றாம் நாள் தண்ணீர் பால் போலக் கலங்குகிறது, மீன் ஒவ்வொன்றாகச் சாகிறது

இது தண்ணீர் மாற்றிய அன்றே ஃபில்டரையும் கழுவியவர்களுக்கு வரும் வினை. ஸ்பாஞ்சைக் குழாய்க்கு அடியில் வைத்து, அழுக்கு போகப் போகப் பிழிந்து, பளிச்சென்று ஆக்கித் திரும்பப் போட்டிருப்பார்கள். அந்தப் பழுப்பில் வாழ்ந்த பாக்டீரியாதான் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றிக்கொண்டிருந்தது. குளோரின் அதைக் கொன்றுவிட்டது. அம்மோனியா ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும் என்பதால் யாரும் ஸ்பாஞ்சைச் சந்தேகிப்பதில்லை.

அம்மோனியா சோதனை செய்யுங்கள். கொஞ்சமும் இருக்கக் கூடாது. பி.எச்சையும் சேர்த்துப் பாருங்கள், காரணம் இதுதான்: அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும், அதில் ஒன்றுதான் கடும் விஷம். 30 டிகிரி செல்சியஸில் பி.எச் 7 என்றால் மொத்தத்தில் விஷ வடிவம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பி.எச் 8-ல் அது சுமார் 7.5 சதவீதம். 8.5-ல் சுமார் 20 சதவீதம். நம் போர் தண்ணீர் பல இடங்களில் 8-ஐத் தொடும். பி.எச் தாழ்ந்த ஊர்களில் தாங்கும் அம்மோனியா இங்கே தாங்காது.

தீனியை நிறுத்துங்கள். தினமும் 25 சதவீதம் தண்ணீரை, குளோரின் முறித்து, அதே டி.டி.எஸ்ஸில், மாற்றுங்கள். நண்பர் வீட்டு நோயில்லாத தொட்டியிலிருந்து அழுக்கு ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் அதைவிட நல்ல மருந்து கிடையாது, அப்படியே போடுங்கள். ஜியோலைட் கல் அம்மோனியாவை உறிஞ்சும், ஆனால் உப்பு இருந்தால் அதன் வேலை குறையும். உறிஞ்சியதைத் திரும்ப விட்டும்விடும். ஜியோலைட் போட்டால் உப்பு போடாதீர்கள், உப்புத்தண்ணீர் தொட்டியில் ஜியோலைட்டை நம்பாதீர்கள்.

இனிமேல் ஸ்பாஞ்சை, தொட்டியிலிருந்து இறைத்த பழைய தண்ணீர் வாளியில் இரண்டு மூன்று தடவை அழுத்தி எடுங்கள், போதும். தண்ணீர் ஓட்டம் திரும்பினால் சுத்தமாகிவிட்டது என்று பொருள். பழுப்பு நிறம் இருக்கட்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும், பல மாதம் கழித்துத் தண்ணீர் மாற்றிய அன்றே கூட்டமாகச் செத்தது

குளோரின் முறித்தாயிற்று, தண்ணீரும் நல்ல தண்ணீர். இருந்தும் போய்விட்டது. நன்றாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்துத் தண்ணீர் மாற்றிய அன்றே மொத்தமும் போவதால் மனம் உடைந்து வளர்ப்பையே நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதை முன்கூட்டியே தடுத்துவிடலாம்.

நான்கைந்து மாதம் தண்ணீர் மாற்றாமல் வெறுமனே ஊற்றி நிரப்பி வந்த தொட்டியில், பாக்டீரியாவின் வேலை கார்பனேட்டைத் தின்றுவிடும். பி.எச் 6-க்குப் பக்கத்தில் இறங்கும். அங்கே பாக்டீரியா மந்தமாகி அம்மோனியா சேரும், ஆனால் பி.எச் தாழ்வாக இருப்பதால் விஷமில்லாத வடிவில் தூங்கும். மீன்களும் மெல்ல மெல்லப் பழகிவிடும். அப்போது பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு பி.எச் 8 உள்ள தண்ணீரை ஊற்றினால், சில நிமிடத்தில் அந்த அம்மோனியா விஷ வடிவத்துக்கு மாறுகிறது.

நெடுநாள் கவனிக்காத தொட்டியைத் தொடுவதற்கு முன் பி.எச், அம்மோனியா, டி.டி.எஸ் மூன்றையும் பாருங்கள். புதுத் தண்ணீரோடு ஒப்பிடுங்கள். பி.எச் வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருந்தால் தினமும் 10 சதவீதம் மட்டும், பத்துப் பன்னிரண்டு நாள். அவசரம் வேண்டாம். இத்தனை மாதம் பொறுத்த மீன் இன்னும் பத்து நாள் பொறுக்கும்.

மீனுக்கு ஒன்றுமில்லை, இறால் செத்தது, நத்தை ஓட்டுக்குள் முடங்கியது

கொசு மருந்தை நினைத்துப் பாருங்கள். டெங்கு காலத்தில் வீடு வீடாக வந்து தண்ணீர்த் தொட்டியில் விடும் அபேட், சொல்லிய அளவில் மீனைப் பெரும்பாலும் பாதிக்காது. ஆனால் அது புழுவைக் கொல்ல வந்த மருந்து. செர்ரி இறாலும் ஓட்டு உயிர்களும் முதலில் போய்விடும். ஹைப்போவுக்கு இதை முறிக்கத் தெரியாது. ஆக்டிவேட்டட் கார்பன் ஃபில்டரில் போட்டு ஓட விடுங்கள், மருந்து விட்ட தொட்டியின் தண்ணீரை மீனுக்கு எடுப்பதை நிறுத்துங்கள். மருந்து விடுபவர்களைத் திருப்பி அனுப்பாதீர்கள், ஊருக்கு அது தேவை. மீனுக்கான டிரம்மை அதற்கு முன்பே நிரப்பி, வலைத்துணி கட்டி மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சந்தேகம் செம்பு. செம்புக் குடத்தில் பிடித்த தண்ணீர், கீசர் வழி வந்த தண்ணீர், ராத்திரி முழுக்கப் பித்தளைக் குழாயில் தங்கிய தண்ணீர். காலையில் முதல் இரண்டு வாளியைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்ததைப் பிடியுங்கள்.

மீனின் உடம்பிலும் கண்ணாடியிலும் வெள்ளிக் குமிழிகள்

போர் மோட்டார் உறிஞ்சும் பக்கத்தில் காற்று இழுத்தால், அழுத்தத்தில் காற்று தண்ணீரில் அளவுக்கு மீறிக் கரைந்துவிடும். தொட்டிக்கு வந்ததும் குமிழியாகப் பிரியும். கண்ணாடியில் மட்டும் என்றால் தானாகப் போகும். மீனின் கண்ணிலோ துடுப்பிலோ தோலுக்கடியில் தெரிந்தால் ஆபத்து, ஏர் ஸ்டோனைக் கூட்டுங்கள். அடுத்த தடவை வாளியை உயரத்திலிருந்து டிரம்மில் ஊற்றிக் கலக்கி, ஒரு ராத்திரி வைத்து எடுங்கள்.

மத்தியானம் தண்ணீர் மாற்றினால், மாலையில் மீன் மூச்சு வாங்குகிறது

மொட்டை மாடிக் கறுப்புத் தொட்டியில் இரண்டு மணித் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டும். 28 டிகிரியில் இருந்த 30 லிட்டரோடு 42 டிகிரியில் 15 லிட்டர் சேர்ந்தால் தொட்டி 32.7-க்குப் போகும், கிட்டத்தட்ட ஐந்து டிகிரி ஏற்றம். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மி.கி. கரையும், 35-ல் 6.9 மட்டும். காலையில் மாற்றுங்கள். வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் இருக்கட்டும். ஏறிவிட்டால் ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடாமல் மின்விசிறியைத் தண்ணீரின் மேல் திருப்பி வையுங்கள்.

தண்ணீர் துருவாகிறது, அல்லது அழுகிய முட்டை வாடை

பிடிக்கும்போது தெளிவாக இருந்து, சில மணியில் பழுப்பாகி அடியில் படிந்தால் இரும்பு. டிரம்மில் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்து, தெளிந்த மேல் தண்ணீரை மட்டும் வெள்ளைத் துணியில் வடிகட்டி எடுங்கள். வடிகட்டாமல் ஊற்றினால் அந்தத் துரு செவுளில் ஒட்டும். முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு, மீனுக்குக் கொடிய விஷம். காற்றடித்து, மூக்குக்கு வாடையே தெரியாமல் போன பின்னும் இன்னும் ஒரு ராத்திரி வையுங்கள். வேறு தண்ணீர் இருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

தண்ணீரை ஒழுங்காக மாற்றியும் மாதாமாதம் டி.டி.எஸ் ஏறுகிறது

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். காற்று வீசும் நம் ஊரில் இரண்டடித் தொட்டி நாளுக்கு ஒரு லிட்டர் வரை இழக்கும். அதை 1500 டி.டி.எஸ் போர் தண்ணீரால் நிரப்பினால் நாளுக்கு 1.5 கிராம் உப்பு சேரும். 45 லிட்டர் தொட்டியில் அது நாளுக்கு 33 ஏற்றம், ஒரு மாதத்தில் 1000. குறைவதை நிரப்பக் கேன் தண்ணீர், இறைத்து மாற்ற மட்டும் கலந்த தண்ணீர். கண்ணாடி மூடி போட்டால் இழப்பே பாதியாகக் குறையும்.

பி.எச்சும் கூடவே ஏறினால் தொட்டியின் அடியைப் பாருங்கள். கடற்கரை மணல், சிப்பி, கரையில் பொறுக்கிய பவளத் துண்டு. ஒரு துண்டில் வினிகர் இரண்டு சொட்டு விடுங்கள், நுரைத்தால் அது கரைந்துகொண்டே இருக்கும். பவளத்தை எடுக்கவே கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டது அது. 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா நம் வாசலில்தான் இருக்கிறது. ஆற்றுக் கூழாங்கல்லோ கருங்கல் சில்லோ போடுங்கள்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு

மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரித்துக் காட்டியதிலிருந்து கடல்நீர்த் தொட்டி மேல் ஆசை கூடியிருக்கிறது. கடல் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக நினைத்த நாளெல்லாம் குடத்தோடு போகக் கூடாது. வடகிழக்குப் பருவத்தில் பாக் நீரிணைப் பக்கம் கலங்கும், தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம். மழைக்குப் பின், படகுத்துறை ஓரத்தில், டீசல் படலம் மினுங்கும் இடத்தில் எடுக்காதீர்கள். எடுத்ததை இருட்டில் மூடி ஒரு வாரம் தெளிய விட்டு வடிகட்டுங்கள்.

கடல்நீர்த் தொட்டியில் மீன் தவிப்பதற்கு வீட்டில் நடக்கும் காரணம் அனேகமாக நிரப்புவதில்தான். மட்டம் குறைந்ததும் மறுபடி கடல்நீரையே ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் குளோரின். நிரப்பக் கேன் தண்ணீர் மட்டும். கண்ணாடியில் பேனாவால் மட்டக் கோடு போட்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை ஊற்றுங்கள். உப்பு அளவைக் காட்டும் அடர்த்திமானி 1.023-லிருந்து 1.025-க்குள் நிற்கிறதா என்று வாரத்துக்கு ஒரு தடவை பாருங்கள்.